விழுந்ததால் கசிந்ததா, கசிந்ததால் விழுந்தாரா?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். பத்து வருடமாக பிரஷர் உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் விட்டுவிடுவார். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரினை மட்டும் தானாகவே வாங்கித் தவறாமல் சாப்பிட்டுவந்தார். போன மாதம் ஒரு விடியற்காலை பாத்ரூமில் விழுந்துவிட்டார். முதலில் சொம்பு உருண்ட சத்தம் கேட்டதாம். அம்மா என்னவென்று கேட்பதற்குள் அவரும் விழுந்திருக்கிறார். வலது கை, கால் வரவில்லை. பேச்சு குழறியது. இரண்டு முறை வாந்தி எடுத்தார். அரசு மருத்துவமனையில் பிரஷர் 210/120 இருந்தது. சி.டி. எடுத்துவிட்டு, மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் எடுத்த சி.டி.யில் ரத்தம் அதிகமாகியிருந்தது. ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார்கள். எம்.ஆர்.ஐ., ஆஞ்சியோ எதுவும் எடுக்கவில்லை. இப்போது கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்திருக்கிறார்.

அன்று காலை அம்மா பாத்ரூமை சோப்பு ஆயில் போட்டுக் கழுவியிருந்தார். தரை வழுக்கித்தான் அப்பா விழுந்தார் என்று தம்பி சொல்லிக்காட்டிக்கொண்டே இருக்கிறான். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. விழுந்ததால்தான் ரத்தம் கசிந்ததா?

மூன்று வருடத்துக்கு முன் என் பெரியப்பா மகளுக்கு, எனக்குத் தங்கை முறை, பிரசவம் ஆன பன்னிரண்டாம் நாள் இதே மாதிரி மூளையில் ரத்தக்கசிவு வந்தது. அவளுக்கு 27 வயது. தனியார் மருத்துவமனையில் சி.டி., எம்.ஆர்.ஐ. என்று எல்லாம் எடுத்தார்கள். அவளுக்கு ரத்தத்தை இளக்கும் ஊசி போட்டார்கள்! அப்பாவுக்கோ இருந்த ஆஸ்பிரினையும் நிறுத்தினார்கள். யார் செய்தது தவறு? நானும் தம்பியும் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமா? எனக்கு 34, அவனுக்கு 31. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தபோது அவனுக்கு பிரஷர் 150/96 இருந்தது. டென்ஷன் என்று விட்டுவிட்டோம்.

பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

முதலில் உங்கள் அம்மாவின் விஷயத்தை முடித்துவிடலாம். மற்றதெல்லாம் கொஞ்சம் காத்திருக்கும்.

விடையைக் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். முதலில் சொம்பு விழுந்தது, அப்புறம்தான் அப்பா. வழுக்குகிறவர் கையில் இருப்பதை இறுகப் பிடிப்பார், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்தே விழும். உங்கள் அப்பாவின் வலது கை, அவர் விழுவதற்கு முன்பே அவர் பேச்சைக் கேட்காமல் போயிருக்கிறது. சொம்பு நழுவியது அதனால். அடுத்து கால் போனது, அவரும் சரிந்தார்.

சத்தத்தை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய அறிக்கையில் ‘லெஃப்ட் கேங்க்லியோகேப்சுலார் ஹெமரேஜ்’ என்று இருக்கிறது. மூளையின் இடது பாதியில், மேற்பரப்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, புட்டமென் என்று ஒரு பகுதி உண்டு. அதை ஒட்டித்தான் உடம்பின் வலது பாதிக்குப் போகும் கட்டளைகளெல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து கீழே இறங்குகின்றன. அந்த இடத்தில்தான் ரத்தம். தலையில் அடிபட்டு வரும் ரத்தத்துக்கு வேறு முகவரி. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பிறை மாதிரியோ அப்பளம் மடித்த மாதிரியோ தேங்கும். அல்லது நெற்றிக்குப் பின்னாலும் காதுக்கு மேலேயும் மூளை எலும்பில் உரசுகிற ஓரங்களில் கன்றிப்போயிருக்கும். மேல்தோலில் வீக்கம் இருக்கும், சில சமயம் எலும்பில் விரிசல் இருக்கும். உங்கள் அப்பா அறிக்கையில் இவை எதுவும் இல்லை. வேகமாக வரும் வண்டி மோதிய விபத்துகளில் ஆழமான இடத்திலும் கசிவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அதைச் சுற்றி வேறு சேதங்களும் கூடவே இருக்கும். பாத்ரூம் தரையில் சரிந்து விழுந்தவருக்கு, பத்து வருட பிரஷர் உள்ளவருக்கு, புட்டமென்னில் மட்டும் தனியாக ஒரு ரத்தக்கட்டி இருந்தால் ரத்தம் முந்தி, விழுந்தது பிந்தி. சோப்பு ஆயிலுக்கு இதில் பங்கு இல்லை. இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். தம்பியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

(தம்பியின் சந்தேகமும் கேலிக்குரியது இல்லை. தலைகீழாகவும் நடக்கும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடும் வயதானவர், பஸ் ஜன்னல் கம்பியில் லேசாக இடித்துக்கொண்டு, மூன்று வாரம் கழித்துத் தலைவலியோடு வருவார். அங்கே இடித்ததுதான் காரணம். அந்த ரத்தமும் மூளைக்கு வெளியேதான் தேங்கியிருக்கும்.)

சரி, ஏன் அந்த இடம்? நரம்பு வெடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பேச்சில் உணர்வைக் கடத்தும் நரம்பும் நரம்பு, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் தமனியும் நரம்பு, திருப்பிக் கொண்டுவரும் சிரையும் நரம்பு. கையில் ஊசி போடும்போதுகூட ‘நரம்பு கிடைக்கல’ என்றுதான் நர்ஸம்மா சொல்வார். நானும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறேன், தவறில்லை. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு வெடித்தது தமனி. தங்கைக்கு அடைத்தது சிரை.

அப்பாவுடையது தமனியிலேயே மிகச் சின்னது, ஒரு மில்லிமீட்டர்கூட அகலம் இல்லாத கிளை. மற்ற இடங்களில் பெரிய குழாய் படிப்படியாகப் பிரிந்து சிறுத்துக்கொண்டே போகும், அழுத்தமும் கூடவே இறங்கும். இங்கே மூளையின் பெரிய தமனியிலிருந்து இந்த மெல்லிய கிளைகள் நேரடியாக, செங்குத்தாகக் கிளம்புகின்றன. உங்கள் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். மோட்டாரின் மெயின் லைனில் நேராக சொட்டுநீர் டியூபைச் செருகினால் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் பிரஷர் ஏறினால் உடனே கிழிந்துவிடாது. வருடக்கணக்கில் அழுத்தம் இடித்து இடித்து, சுவரில் உள்ள தசை அழிந்து, அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி விறைத்த பொருள் படிந்து, வளைந்துகொடுக்கும் தன்மை போய்விடும். 1868-லேயே பிரான்சில் ஷார்க்கோவும் பூஷாரும் இறந்தவர்களின் மூளையில் இந்தக் கிளைகளில் சின்னச் சின்னப் புடைப்புகளைப் பார்த்து எழுதிவிட்டார்கள். அந்தப் புடைப்புகள்தான் வெடிக்கின்றனவா, சுவரே கிழிகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. புட்டமென்னை அடுத்து இன்னும் உள்ளே இருக்கும் தலாமஸ், மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதி, சிறுமூளை ஆகிய இடங்களிலும் இதே அமைப்பு உண்டு. பிரஷரால் வரும் கசிவு திரும்பத் திரும்ப இந்த நாலு இடத்தில்தான் தலைகாட்டும்.

அதனால் என்னைப் போன்ற ஸ்கேன் பார்க்கிற டாக்டர் திரையில் முதலில் தேடுவது ரத்தம் எங்கே இருக்கிறது என்பதை. அளவெல்லாம் அப்புறம். கூடவே படத்தின் ஓரத்தில் இருக்கும் வயது. இந்த இரண்டும் தெரிந்தால், அடுத்து எந்த ஸ்கேன் வேண்டும், வேண்டுமா என்பதே பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

சி.டி. பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் வெறும் சி.டி.யோடு நிறுத்திவிட்டார்களே என்ற ஆதங்கம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. வாய் கோணி, கை விழுந்து ஒருவர் வந்தால், அது அடைப்பா கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து எந்தக் கொம்பனாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலையை முதன்முதலாக சி.டி. எடுத்தார்கள். அந்தக் கருவியைச் செய்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் டாக்டரே இல்லை, இசைத்தட்டுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளர். 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னால் இருந்த டாக்டர்கள் இந்த விஷயத்தில் பெரும்பாலும் ஊகத்தில்தான் வைத்தியம் பார்த்தார்கள். (வாய் கோணினால் உடனே ஆஸ்பிரினை நாக்குக்கு அடியில் வை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். மாரடைப்புக்குச் சொன்னதை மூளைக்கு ஒட்டிவிட்டார்கள். கசிவாக இருந்தால் எரிகிற வீட்டில் எண்ணெய்.)

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு, ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரில்தான். தண்ணீருக்கு 0. மூளைத் திசு 25-லிருந்து 40 வரை. புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50-லிருந்து 80 வரை வரும், அதனால் சாம்பல் நிற மூளைக்குள் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். இந்த எண்ணைப் பார்க்காமல் வெள்ளையை மட்டும் பார்த்து நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. மேற்படிப்பு முதல் வருடம், ராத்திரி இரண்டு மணி. தலைசுற்றல் என்று ஒரு பாட்டியை அழைத்துவந்திருந்தார்கள். படத்தில் இரண்டு பக்கமும் ஆழத்தில் வெள்ளை. பதறிப்போய் மூளை அறுவை டாக்டர்களை எழுப்பிவிட்டேன். என் சீனியர் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து, கர்சரை அந்த வெள்ளையில் வைத்தார். 140-க்குப் பக்கத்தில் காட்டியது. “ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல, ஒரே அளவுல, கண்ணாடியில பாத்த மாதிரி வெடிக்குமா தம்பி?” என்றார். அது சுண்ணாம்பு. வயதானவர்களுக்கு அந்த இடத்தில் கால்சியம் படிவது சாதாரணம். நூறைத் தாண்டினால் ரத்தமாக இருக்க வாய்ப்பில்லை. அன்றிலிருந்து கர்சரை வைக்காமல் நான் வாயைத் திறப்பதில்லை. இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. ரத்தசோகை கடுமையாக இருப்பவரின் ரத்தம் வெள்ளையாகத் தெரியாது, மூளையோடு மூளையாகக் கலந்து நிற்கும். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது.

உங்கள் அப்பாவுக்கு இந்தக் குழப்பம் ஏதும் இல்லை. முதல் அறிக்கையில் 4 × 3 × 2.4 செ.மீ. என்று இருக்கிறது. மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட எத்தனை மில்லி என்று வரும், நாங்கள் மனக்கணக்காகப் போடுவது. 14 மில்லி. மறுநாள் 4.6 × 3.4 × 2.8, அதாவது 22 மில்லி. நாலு டீஸ்பூனுக்கு மேல். மருத்துவமனையில் இருக்கும்போதே எப்படிக் கூடியது, கவனிக்காமல் விட்டார்களா என்ற சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். எழுதவில்லையே தவிர, வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. கிழிந்த குழாய் ஒரே தடவையில் கொட்டிவிட்டு நின்றுவிடுவதில்லை. சீக்கிரமே ஸ்கேனுக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முதல் சில மணி நேரத்தில் கட்டி வளரும். ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தது கொஞ்சம் கூட்டியிருக்கலாம். படுக்கையில் போட்டதும் சொட்டு மருந்து ஏற்றி, மேல் எண்ணை 140-க்குப் பக்கத்தில் கொண்டுவரப் பாடுபடுவது இந்த வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தத்தான். மறுநாள் இரண்டாவது சி.டி. எடுத்தார்கள் என்றால் கவனித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அபாயத்தை எடைபோடும்போது நாங்கள் ஒரு கோடாக வைத்திருக்கும் 30 மில்லியை அது தாண்டவில்லை. அறுவை செய்யவில்லையே என்று யாராவது கேட்டால், இவ்வளவு ஆழத்தில் இந்த அளவுக்குப் பெரும்பாலும் செய்ய மாட்டோம். எடுக்கப் போகிற வழியில் நல்ல மூளையைக் கலைக்க வேண்டியிருக்கும். சிறுமூளையில் பெரிதாக வந்தால் கதை வேறு, அங்கே தாமதிக்கவே கூடாது.

இனி தங்கை.

பிரசவம் ஆன பன்னிரண்டாம் நாள், 27 வயது. பிரஷர் பல வருடமாகக் குழாயை அரிக்க அவளுக்கு வயதே இல்லை. அவள் படம் என்னிடம் இல்லை. ஆனால் ரத்தத்தை இளக்கும் ஊசி போட்டார்கள் என்ற ஒரு வரியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் பெரிய சிரைகளில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. கர்ப்பத்தின் கடைசியிலும் பிரசவம் முடிந்த சில வாரங்களிலும் ரத்தம் உறையும் போக்கு இயல்பாகவே அதிகம். பிரசவத்தின்போது ரத்தம் கொட்டித் தாய் இறந்துவிடக் கூடாது என்று உடம்பு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. அதன் மேல், பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு சரிந்துவிடும் என்று டம்ளரை எண்ணிக் கொடுக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. உடம்பு வற்றினால் ரத்தம் இன்னும் கெட்டியாகும். வாய்க்கால் ஓடிக்கொண்டே இருக்க, வடிகால் அடைத்துக்கொண்டால் வயல் என்ன ஆகும்? தண்ணீர் தேங்கி, வரப்பு உடையும். சிரை அடைத்து, பின்னால் அழுத்தம் ஏறி, மூளை வீங்கி, கடைசியில் ரத்தம் கசியும்.

இதன் இடமும் தனி. உச்சந்தலைக்குக் கீழே, மேற்பரப்பை ஒட்டி, சில சமயம் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கும். எந்தத் தமனியின் எல்லைக்குள்ளும் அடங்காது. கசிவை விட வீக்கம் பெரிதாகத் தெரியும். சாதாரண சி.டி.யிலேயே அடைத்த சிரை ஒரு வெள்ளைக் கயிறு மாதிரி தெரியலாம். மருந்து ஏற்றி எடுத்தால், தலையின் பின்பக்கம் முக்கோணமாகப் பளிச்சென்று நிரம்ப வேண்டிய சிரையில் ஓரம் மட்டும் நிரம்பி நடு காலியாக நிற்கும். இதைத் தேடாதவர் கண்ணில் படாது. ‘இளம் வயதில் ரத்தக்கசிவு’ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். நானே ஒருமுறை போயிருக்கிறேன். மறுநாள் காலை சீனியர் அந்தக் கயிற்றைக் காட்டிய பிறகுதான் கண்டேன். அதனால்தான் அவளுக்குச் சிரைகளைத் தனியாகக் காட்டும் எம்.ஆர். வெனோகிராம் எடுத்திருப்பார்கள். அடைப்பு உறுதியானதும், உறைவு மேலும் வளராமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தொடங்கியிருப்பார்கள். தலைக்குள் ரத்தம் இருக்கும்போதே ரத்தத்தை இளக்குகிறார்களே என்று உறவினர்கள் வெடிப்பார்கள், நியாயம்தான். எங்களுக்கே முதல் தடவை கை நடுங்கும். வடிகால் திறந்தால்தான் வரப்பு உடைவது நிற்கும். அப்பாவுக்கு அடைப்பு எதுவும் இல்லை, கிழிந்த குழாய் மட்டும்தான். அங்கே ஆஸ்பிரின் தொடர்ந்திருந்தால் தவறு. இரண்டு மருத்துவமனையும் சரியாகத்தான் செய்திருக்கின்றன.

எம்.ஆர்.ஐ. எடுக்காததற்கும் அரசு, தனியார் என்ற பேதத்துக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்க ஹார்ட் அசோசியேஷனும் அங்குள்ள ஸ்ட்ரோக் அசோசியேஷனும் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். கசிவு மூளையின் மேல் மடல்களில் இருந்து வயது 70-க்குக் கீழ் என்றால் ரத்தக்குழாயைப் படம் பிடிக்க வேண்டும் (ஆஞ்சியோ என்பது அதுதான்). ஆழத்திலோ சிறுமூளை, மூளைத்தண்டுப் பக்கமோ இருந்தால், 45-க்குக் கீழே எல்லோருக்கும், 45-லிருந்து 70 வரை பிரஷர் இல்லாதவர்களுக்கு மட்டும். உங்கள் அப்பா 61, ஆழமான கசிவு, பத்து வருட பிரஷர். அறிக்கையின் கடைசி வரியில் ‘ஸ்மால் வெசல் இஸ்கீமிக் சேஞ்சஸ்’ என்று சிறியதாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அது சின்னக் குழாய்கள் பல காலமாகவே நொந்துபோயிருப்பதற்குச் சாட்சி. இவ்வளவும் ஒன்றுக்கொன்று பொருந்தும்போது ஆஞ்சியோ எடுத்தால் புதிதாக எதுவும் கிடைப்பது அரிது.

பொருந்தாமல் எது உறுத்தினாலும் நான் விடமாட்டேன். இருபது, முப்பது வயதுக்காரருக்குக் கசிந்திருந்தால் தமனியும் சிரையும் பிறவியிலேயே நேரடியாகப் பின்னிக்கிடக்கும் முடிச்சைத் தேடுவேன். அதற்கு டி.எஸ்.ஏ. வரை போக வேண்டியிருக்கும். தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயை மேலே அனுப்பி, மருந்து செலுத்தி, ரத்தம் ஓடுவதையே படமாகப் பிடிப்பது. உயிரோடு இருப்பவரின் மூளைக் குழாய்களை மருந்து செலுத்தி முதலில் படமெடுத்தவர் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ், 1927-ல். சில முடிச்சுகள் புதுக் கட்டியின் அழுத்தத்தில் நசுங்கி மறைந்துவிடும், இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால்தான் வெளியே வரும். முதல் நாள் படத்திலேயே கசிவைச் சுற்றி அளவுக்கு மீறிய வீக்கம் இருந்தால், உள்ளே புற்றுக்கட்டி ஒளிந்திருக்கிறதா என்ற சந்தேகம் வரும். வாழ்நாளில் வராத தலைவலி ஒரே நொடியில் இடி இறங்கின மாதிரி வந்தது என்று ஒருவர் சொன்னால் அது இன்னொரு உலகம். மூளையின் அடியில் இருக்கும் பெரிய குழாயில் பலூன் மாதிரி வீங்கிய இடம் வெடித்து, மூளையின் இடுக்குகளில் ரத்தம் பரவியிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி. அதை அநேகமாகத் தவறவிடாது. நாளாக நாளாக ரத்தம் கரைந்து படம் பொய் சொல்லும், அப்போது முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ‘நேத்து வந்த தலைவலிதானே, நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்பது அங்கே செல்லாது.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, ரத்தத்தை இளக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர், தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிய டெங்கு நோயாளி, கண்ணாடி விரியன் கடித்தவர், இவர்களுக்கு விடை ரத்தப் பரிசோதனையில் இருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

எழுபதைத் தாண்டியவர்களில் ஒரு வகையைச் சொல்லாமல் இருக்க முடியாது, பிரஷர் கட்டுக்குள் இருந்தும் கசியும். அமிலாய்டு என்ற ஒரு புரதம் வயதாக ஆக மூளையின் மேற்பரப்புக் குழாய்ச் சுவர்களில் படிந்து அவற்றை நொறுங்கவைக்கும். கசிவு ஆழத்தில் வராது, மேல் மடலில் வரும். இங்கேதான் எம்.ஆர்.ஐ.யின் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படம் அதன் அருமையைக் காட்டும். ரத்தத்தில் இருக்கும் இரும்பு காந்தத்தைக் கலைக்கும், அதைக் கறுப்பாகக் காட்டும் படம் அது. சி.டி.யில் ஒரே ஒரு கசிவு தெரிந்த பாட்டியின் மூளையில் ஓரம் முழுக்க எள்ளைச் சிதறிவிட்ட மாதிரி முப்பது, நாற்பது கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றும் எப்போதோ அவருக்கே தெரியாமல் கசிந்து நின்றது. பிரஷர்காரர்களுக்கும் புள்ளிகள் வரும், ஆனால் பெரும்பாலும் ஆழத்தில்.

எம்.ஆர்.ஐ. கசிவின் வயதையும் சொல்லும். முழங்காலில் அடிபட்டால் முதலில் நீலம், அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள் என்று மாறுகிறதல்லவா, உள்ளேயும் அப்படித்தான் ரத்தம் மாறிக்கொண்டே போகும். மூன்றாம் நாள் வாக்கில் டி1 என்ற படத்தில் வெளுக்கத் தொடங்கும், இரண்டாம் வாரம் டி2-விலும் வெளுக்கும். மாதங்கள் கழித்துக் கட்டி கரைந்தபின் சுற்றிலும் ஒரு கறுப்பு வளையம் மிஞ்சும். இரும்புத் துருக்கறை என்றே வைத்துக்கொள்ளுங்கள், வருடக்கணக்கில் போகாது. பிறகு எந்த சி.டி.யிலும் பிடிபடாத பழைய கசிவு இதில் பிடிபடும். ஆனால் வாந்தியோடு புரண்டுகொண்டிருப்பவரை அரை மணி நேரம் அந்தக் குழலுக்குள் அசையாமல் படுக்கவைப்பது நடக்காத காரியம். சி.டி.யில் படம் எடுக்கச் சில நொடி போதும். அவசரத்தில் அதுதான் முதல்.

அப்பாவுக்கு இனி எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. பின்னாளில் இதயத்துக்காகவோ வேறு எதற்காகவோ மறுபடி ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தால், அப்போது எடுத்துப் புள்ளிகள் எத்தனை, எங்கே என்று பார்ப்பது முடிவெடுக்க உதவும். அதுவரை அவராக மாத்திரைக் கடையில் போய் ஆஸ்பிரின் வாங்கக் கூடாது. இரண்டு சி.டி.யின் ஃபிலிமையும், படம் பதிந்து கொடுத்த டிஸ்க்கையும் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு எந்த ரேடியாலஜிஸ்ட் பார்த்தாலும் முதலில் கேட்பது ‘பழைய படம் இருக்கா?’

நீங்களும் தம்பியும் மூளை ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. பெற்றோர், உடன்பிறந்தவர்களில் இரண்டு பேருக்கு அந்த பலூன் வீக்கம் இருந்தால் மற்றவர்களைப் பரிசோதிப்பது உண்டு. உங்கள் வீட்டில் அது இல்லை. தங்கைக்கு வந்ததற்கும் அப்பாவுக்கு வந்ததற்கும் சொந்தமே கிடையாது, ஒரே குடும்பம் என்பதைத் தவிர. மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் மூளை ஸ்கேனும் உண்டு என்று கூப்பிடுவார்கள். நான் அந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாக மேல்கையில் சுற்றும் நல்ல பிரஷர் கருவி ஒன்று வரும், அதை வாங்குங்கள்.

அதை முதலில் சுற்ற வேண்டியது தம்பி கையில். 31 வயதில் 150/96 என்பதை டென்ஷன் என்று விட்டது சரியில்லை. டென்ஷனாகவே இருக்கட்டும், பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? ஒரு வாரம், காலையில் காபிக்கு முன் இரண்டு முறை, ராத்திரி இரண்டு முறை. ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் படிய, பேசாமல் எடுக்க வேண்டும். ஒரு நோட்டில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். இந்த வயதில் பிரஷர் உறுதியானால் சிறுநீரகத்தையும் அவர்கள் பார்ப்பார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் வீட்டிலேயே குறைத்துவிட்டால் அப்பாவுக்கும் சேர்த்து ஆயிற்று.

அப்பாவின் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துவிடுங்கள், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். தீர்ந்துவிட்டது என்ற சாக்கு போகும். அவருக்கு பிரஷர் பார்க்கும்போது பட்டையை விழுந்துபோன வலது கையில் சுற்ற வேண்டாம், இடது கையில் சுற்றுங்கள்.